பெயரை விட்டு வீட்டைப் பிடியுங்கள்: ஓர் இங்கிலாந்து கிராமத்து பாரிஷின் வரலாற்றைத் தேடும் வழி

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், ஷ்ரூஸ்பரிக்கு வடக்கே மிடில் என்றொரு சின்ன பாரிஷ் (ஒரு தேவாலயமும் அதைச் சேர்ந்த ஊர்ப்பகுதியும்) இருக்கிறது. அந்த ஊர் நிலக்காரர் ரிச்சர்ட் காஃப் 1635-ல் பிறந்தவர். அறுபதைத் தாண்டிய வயதில், 1700-க்கும் 1702-க்கும் இடையில், ஊர் வரலாற்றை எழுதினார். அவர் எழுதிய முறைதான் விசேஷம். தேவாலயத்தின் பெஞ்சுகளைப் படமாக வரைந்துகொண்டார். இந்த பெஞ்சு எந்த வீட்டுக்கு உரியது, அந்த வீட்டில் யார் யார் வாழ்ந்தார்கள், யார் குடித்துக் கெட்டார், யார் நல்ல இடத்தில் பெண் எடுத்தார் என்று பெஞ்சு பெஞ்சாகக் கதை சொல்லிக்கொண்டு போனார். முன்வரிசை கனவான்களுக்கு, நடுவரிசைகள் விவசாயிகளுக்கு, சுவரோரம் குடிசைக்காரர்களுக்கு. நம் ஊர்க் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் எவ்வளவு அரசியல் உண்டோ, அவ்வளவும் அந்த பெஞ்சுகளிலும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது, பெஞ்சு ஆளுக்குச் சொந்தமில்லை என்பது. அது வீட்டோடும் நிலத்தோடும் ஒட்டியது. வீடு கைமாறினால் பெஞ்சும் கைமாறும்.

ஒரு கிராமத்து பாரிஷின் வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது காஃபின் இந்த வழியைத்தான். இங்கிலாந்தில் குடியேறி ஒரு கிராமத்தில் வீடு வாங்கியவராக இருக்கலாம், மனைவி அல்லது கணவர் வழி முன்னோரைத் தேடுபவராக இருக்கலாம், வெறும் ஆர்வமாகவும் இருக்கலாம். பெரும்பாலோர் ஒரு குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி ஓடுகிறார்கள். நானூறு பேர் உள்ள ஊரில் ஒரே காலத்தில் மூன்று ஜான், அதிலும் இரண்டு பேருக்கு மனைவி பெயர் மேரி என்றால் அந்த ஓட்டம் அங்கேயே முட்டிக்கொள்ளும். எந்த ஜான் எந்த வீட்டில் இருந்தார், எந்த வயலை உழுதார் என்று தெரிந்தால்தான் ஆளைப் பிரிக்க முடியும்.

முதலில் எல்லை

பாரிஷ் என்றால் ஒரு தேவாலயமும் அதன் பாதிரியாரின் ஆளுகைக்குட்பட்ட நிலப்பரப்பும். கத்தோலிக்கர்கள் பங்கு என்பதைப் போலத்தான். ஆனால் இங்கிலாந்தில் அது பல நூற்றாண்டுகள் உள்ளாட்சி அலகாகவும் இருந்தது. ஏழைகளுக்குச் சோறு, சாலைப் பராமரிப்பு எல்லாம் பாரிஷ் தலையில்தான். 1894 சட்டம் பாரிஷ் கவுன்சில்களை உருவாக்கி ஊர் நிர்வாகத்தைத் தேவாலயத்திலிருந்து பிரித்தது. அதனால் சிவில் பாரிஷ், தேவாலய பாரிஷ் என்று இன்று இரண்டு எல்லைகள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இன்னொரு சிக்கல், ஒரு பாரிஷுக்குள் பல குக்கிராமங்கள் இருக்கும். மிடிலுக்குள்ளேயே மார்ட்டன், நியூட்டன், ஹூல்ஸ்டன், ஆல்டர்ட்டன், பால்டர்ட்டன் உண்டு. ஹாட்னல் என்ற பகுதிக்குத் தனி சிற்றாலயமே இருந்தது. ஆகவே பிரிட்டிஷ் அரசின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடத்தை எடுத்து எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்துக்கான, ஒரு மைலை ஆறு அங்குலமாகவும் இருபத்தைந்து அங்குலமாகவும் காட்டும் வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. சுற்றியுள்ள பாரிஷ்களின் பெயர்களையும் எழுதி வையுங்கள். உங்கள் ஆட்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்காக எல்லை தாண்டியிருப்பார்கள்.

1840-களில் இறங்குங்கள்

இன்றிலிருந்து பின்னோக்கிப் போ என்பது குடும்ப வரலாற்றுக்காரர்களின் வழக்கமான உபதேசம். ஒரு குடும்பத்துக்கு அது சரி. ஒரு ஊருக்கு நான் வேறு வழி சொல்வேன்: நேரே 1840-களில் இறங்கி, அங்கிருந்து இரண்டு பக்கமும் போங்கள். அந்தப் பத்தாண்டில்தான் வரைபடமும் ஆட்களின் பட்டியலும் ஒன்றாகக் கிடைக்கின்றன.

விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குத் தரும் தசமபாகத்தை 1836 சட்டம் பண வாடகையாக மாற்றியது. அதற்காக ஊர் ஊராக நிலத்தை அளந்து வரைபடம் போட்டார்கள். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு எண். கூடவே ஒரு பட்டியல்: உரிமையாளர், அனுபவிப்பவர், வரைபட எண், வயலின் பெயர், உழவு நிலமா புல்வெளியா, பரப்பளவு, கட்ட வேண்டிய தொகை. பரப்பளவு ஏக்கர், ரூட், பெர்ச் என மூன்று கட்டங்களில் இருக்கும். 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். நம் ஊர் அடங்கல் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபட்டுவிடும்.

வயல் பெயர்களை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். செங்கல் சூளை வயல், சுண்ணக் களிமண் குழி வயல் என்று இருந்தால் அங்கே ஒரு காலத்தில் அந்த வேலை நடந்திருக்க வாய்ப்புண்டு. ஊரிலிருந்து ரொம்பத் தூரத்தில் கிடக்கும் வயலுக்குக் குசும்பாக ‘பாட்டனி பே’, ‘நோவா ஸ்கோஷியா’ என்று பேர் வைத்திருப்பார்கள். கைதிகளை நாடு கடத்திய ஆஸ்திரேலியக் கரையின் பெயர் ஒரு கோதுமை வயலுக்கு!

தேசியப் பிரதிகள் லண்டன் கியூவில் உள்ள நேஷனல் ஆர்க்கைவ்ஸில் இருக்கின்றன. கேட்க வேண்டிய வரிசை எண்: வரைபடத்துக்கு ஐஆர் 30, பட்டியலுக்கு ஐஆர் 29. மாவட்ட ஆவணக் காப்பகத்திலும் பெரும்பாலும் ஒரு பிரதி இருக்கும். எல்லா ஊருக்கும் இது கிடைக்காது. மத்திய இங்கிலாந்தில் பல ஊர்களில் பொது வயல்களை வேலியடைத்துத் தனியாருக்குப் பிரித்தபோதே தசமபாகக் கணக்கையும் முடித்துவிட்டார்கள். அந்த ஊர்களுக்கு வேலியடைப்பு ஆணையையும் அதன் வரைபடத்தையும் கேளுங்கள். வேலியடைப்புக்கு முந்தைய நிலம் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசையிருந்தால் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டனுக்கு ஒரு நடை போய் வாருங்கள். மூன்று பெரிய பொது வயல்களில் ஆளுக்குச் சில துண்டுகள் என்ற பழைய சாகுபடி முறை அங்கே இன்னும் நடக்கிறது. அதைக் கண்காணிக்க ஊர் ஜூரியும் உண்டு. 1635-ல் போட்ட அந்த ஊர் வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

சரி, வரைபடத்தோடு 1841, 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைப் பக்கத்தில் வையுங்கள். 1801 முதல் பத்தாண்டுக்கொரு முறை கணக்கெடுத்தாலும், நாடு முழுக்கப் பேர் பேராகக் கிடைப்பது 1841-லிருந்துதான். அதில் ஒரு பொறி இருக்கிறது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 44 வயதுக்காரர் 40 என்று பதிவாவார். உறவுமுறையும் இருக்காது. 1851-ல்தான் சரியான வயது, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த பாரிஷில் பிறந்தார் என்ற விவரங்கள் வருகின்றன. கிராமத்துக் கணக்கெடுப்பில் வீட்டு எண் எதிர்பார்க்காதீர்கள். கணக்கெடுத்தவர் நடந்த வரிசைதான் துப்பு. தசமபாகப் பட்டியலில் வீடும் தோட்டமும் என்றுள்ள மனைகளை எடுத்து, அங்கே குடியிருந்தவர் பெயரைக் கணக்கெடுப்பின் வரிசையோடு பொருத்திக்கொண்டே போனால், அவர் எந்தத் தெருவில் நுழைந்து எங்கே திரும்பினார் என்பதே தெரிந்துவிடும். இந்த வேலை முடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அட்டை போடுங்கள். இனி கிடைக்கும் எல்லாத் தகவலும் அந்த அட்டைக்குத்தான் போகும்.

முன்னோக்கி வர 1921 வரைக்கும் கணக்கெடுப்புகள் திறந்திருக்கின்றன. 1931-ன் ஏடுகள் 1942-ல் தீயில் போயின. 1941-ல் போர் நடந்ததால் எடுக்கவே இல்லை. அந்த ஓட்டையை 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடு ஓரளவு அடைக்கும்.

பதிவேடுகள்

1538-ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பாரிஷும் எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். முதலில் தாளில் எழுதினார்கள். 1598-ல் எல்லாவற்றையும் தோல் ஏட்டில் படியெடுக்கச் சொன்னபோது, முதலாம் எலிசபெத் பட்டமேறிய 1558-லிருந்து எழுதினால் போதும் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். நிறைய ஊர்களில் ஏடு 1558-ல் தொடங்குவது அதனால்தான். அதே 1598-லிருந்து ஆண்டுதோறும் பிஷப்புக்கு ஒரு நகலும் போனது. மூல ஏட்டை எலி தின்றிருந்தால் அந்த நகலைத் தேடலாம். இரண்டும் இருந்தால் இரண்டையும் பாருங்கள், ஒன்றில் இல்லாத ஒரு சொல் மற்றதில் இருக்கும்.

தேதி விஷயத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். ஒருவர் 1665 டிசம்பரில் அடக்கமாகி, அவருடைய குழந்தைக்கு 1665 ஜனவரியில் ஞானஸ்நானம் என்று ஏட்டில் இருந்தால், அப்பா இறந்த அடுத்த மாதம் நடந்தது அது. நம் கணக்கில் 1666 ஜனவரி. குறிப்பெடுக்கும்போது 1665/6 என்று இரண்டையும் எழுதிவிடுங்கள்.

எந்தக் காலத்து ஏடு எவ்வளவு பேசும் என்பதைச் சட்டங்கள்தான் தீர்மானித்தன. மன்னரும் நாடாளுமன்றமும் மோதிய 1640-கள், 50-களின் உள்நாட்டுப் போர்க் குழப்பத்தில் ஏடுகள் இடைவெளி விழுந்து கிடக்கும். 1754 மார்ச்சிலிருந்து திருமணத்துக்குத் தனி ஏடு, மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவர் ஒரு பெருக்கல் குறி போடுவார். ஊரில் எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்ற கணக்கு உங்களுக்கு இங்கே சும்மா கிடைக்கிறது. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி, ஏழைகளுக்கு விலக்கு. அந்தக் காலத்தில் திடீரென்று ஊரில் ஏழைகள் பெருகியது போலத் தெரிந்தால் உடனே பஞ்சம் என்று எழுதிவிடாதீர்கள். பாதிரியார் இரக்கப்பட்டிருக்கலாம். 1813-லிருந்து அச்சிட்ட படிவம் வந்தது. ஞானஸ்நானத்தில் தகப்பனின் தொழிலும் வசிப்பிடமும், அடக்கத்தில் வயதும் வசிப்பிடமும் சேர்ந்தன. அந்த வசிப்பிடம்தான் உங்கள் வீட்டு அட்டைக்கு வழி. 1837 ஜூலை 1 முதல் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியது.

நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய ஏடுகள் 1978-ல் வந்த விதியின்படி பெரும்பாலும் மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும். மிடிலுக்கு ஷ்ரூஸ்பரியில் உள்ள ஷ்ராப்ஷயர் ஆர்க்கைவ்ஸ். ஃப்ரீரெக், ஃபேமிலிசர்ச் போன்ற இலவசத் தளங்களில் தேடுவது தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் அவை படியெடுத்தவரின் கண்ணை நம்பியிருக்கின்றன. ஏட்டின் படத்தைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஓரத்தில் பாதிரியார் கிறுக்கிய குறிப்பு எந்தத் தேடுபெட்டியிலும் வராது.

மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், குவேக்கர் போன்ற பிரிவினரின் குழந்தைகள் இந்த ஏட்டில் இல்லாமல் போகலாம். அவர்களுடைய பழைய ஏடுகள் பல நேஷனல் ஆர்க்கைவ்ஸில் இருக்கின்றன.

இன்னொரு எச்சரிக்கை. கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில் கிடந்தார்கள் என்று நினைப்பது சுகமாக இருக்கும், ஆனால் தவறு. நாட்டிங்ஹாம்ஷயரின் கிளேவொர்த்தில் பாதிரியாராக இருந்த வில்லியம் சாம்ப்சன் 1676-லும் 1688-லும் ஊர்க்காரர்கள் அத்தனை பேரையும் பட்டியலிட்டு வைத்தார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில், முதல் பட்டியலில் இருந்தவர்களில் ஐந்தில் மூன்று பேருக்கு மேல் இரண்டாவதில் இல்லை. செத்தவர்கள் ஒரு பகுதிதான், மீதிப் பேர் இடம் பெயர்ந்தவர்கள். உங்கள் ஜான் ஏட்டிலிருந்து மறைந்துவிட்டால் அடுத்த பாரிஷைத் திறங்கள்.

பெட்டிக்குள் இருப்பது

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. ஒவ்வொரு தேவாலயத்திலும் கனத்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. மூன்று பூட்டு, பாதிரியாரிடம் ஒரு சாவி, ஊர் சார்பில் தேவாலயக் காரியங்களைப் பார்க்கும் இரண்டு சர்ச் வார்டன்களிடம் ஆளுக்கொரு சாவி. மூன்று பேரும் வந்தால்தான் திறக்கும். அதற்குள் கிடந்த காகிதங்கள் இன்று காப்பகங்களில் பாரிஷ் பெட்டி ஆவணங்கள் என்ற பெயரில் இருக்கின்றன.

சர்ச் வார்டன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் மணிக்கயிறு வாங்கியது, திராட்சரசம் வாங்கியது, கூரை பழுது பார்த்தது என்று போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ‘முள்ளெலி ஒன்றுக்கு 2 பென்ஸ்’ என்று வரும். பயிரைக் கெடுக்கும் பிராணிகளைக் கொன்று வந்தால் பாரிஷ் காசு தர வேண்டும் என்று 1566-ல் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். படுத்திருக்கும் பசுவின் மடியில் முள்ளெலி பால் குடித்துவிடும் என்று நம்பியதால் அந்தப் பாவப்பட்ட பிராணியும் பட்டியலில் சேர்ந்தது. முள்ளெலித் தலையோடு காசு வாங்க வந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள். உயிலோ நிலமோ இல்லாத ஒரு ஏழையின் பெயர் அங்கே மட்டும் தட்டுப்படலாம்.

1601 ஏழைகள் சட்டப்படி, ஊர் ஏழைகளை ஊரே பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு வீட்டுக்காரர்களிடம் வரி வசூலிக்க வேண்டும். அப்படியென்றால் யார் நம் ஊர் ஏழை? 1662-ல் வந்த குடியிருப்பு உரிமைச் சட்டம் அதற்கு விடை சொன்னது. நம் ஊருக்குப் பொறுப்பில்லாத ஏழை என்று முடிவானால் அவரைச் சொந்த பாரிஷுக்குத் திருப்பி அனுப்பலாம். அதைத் தீர்மானிக்க இரண்டு நீதிபதிகள் முன் அவரை நிறுத்தி விசாரித்தார்கள். எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை கற்றாய், எந்தப் பண்ணையில் எத்தனை மாதம், என்ன கூலி, எப்போது கல்யாணம், எத்தனை பிள்ளைகள்? எழுத்தறியாத கூலிக்காரரின் வாழ்க்கை வரலாறு அவர் வாய்மொழியிலேயே ஒரு பக்கத்தில் கிடைக்கிறது. பிரபுக்களுக்குக்கூட இவ்வளவு நேர்த்தியான குறிப்பு இருக்காது.

இதில் ஒரு சூட்சுமம். கல்யாணமாகாத ஆள் ஒரு பண்ணையில் முழுதாக ஓராண்டு வேலை செய்தால் அந்த பாரிஷின் உரிமை வந்துவிடும். அதனால் சில விவசாயிகள் 51 வாரத்துக்கு மட்டுமே ஆள் எடுத்தார்கள். விசாரணையில் ‘ஓராண்டுக்குச் சில நாள் குறைவு’ என்று வந்தால், அது தற்செயல் இல்லை. சொந்த பாரிஷுக்குத் திருப்பி அனுப்பும் ஆணைகள், கல்யாணமாகாத தாயின் குழந்தைக்குத் தகப்பனிடம் செலவு வாங்க எழுதிய பத்திரங்கள், அனாதைச் சிறுவர்களை வேலைக்கு ஒப்படைத்த ஒப்பந்தங்கள் எல்லாம் இதே கட்டில் இருக்கும். 1834-க்குப் பிறகு பல பாரிஷ்களை ஓர் ஒன்றியமாகச் சேர்த்து, ஏழைகளைத் தங்க வைத்து வேலை வாங்கும் பொதுவான பணி இல்லங்கள் வந்தன. அதற்கப்புறம் ஏழையின் ஆவணத்தை அந்த ஒன்றியத்தின் பெயரில் தேட வேண்டும்.

உயிலும் மேனரும்

1858 ஜனவரி வரை உயில்கள் செல்லும் என்று உறுதி செய்தவை தேவாலய நீதிமன்றங்கள். மிடில் ஊர் உயில்கள் லிச்ஃபீல்டு மறைமாவட்டத்துடையவை. பல மறைமாவட்டங்களில் சொத்திருந்த வசதியானவர்களுடையது கேன்டர்பரி நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். அது நேஷனல் ஆர்க்கைவ்ஸில் ப்ராப் 11 என்ற வரிசை. உயிலைவிட அதோடு வரும் சொத்துப் பட்டியலைத்தான் நான் முதலில் படிப்பேன். 1530-க்கும் 1750-க்கும் இடையில் இது ஏராளம். அக்கம்பக்கத்தார் சிலர் செத்தவர் வீட்டுக்குள் நுழைந்து அறை அறையாக எழுதுவார்கள். முதல் வரி பெரும்பாலும் உடுத்த உடையும் பையிலிருந்த காசும். பிறகு கட்டில், பித்தளைப் பாத்திரம், பாலாடைக்கட்டி, கொட்டிலில் பசு, களத்தில் ஓட்ஸ். எந்தெந்த அறை என்று வரிசையாக வருவதால் வீட்டின் அமைப்பே கிடைத்துவிடும். பெண்கள் குறைவாகத்தான் தென்படுவார்கள். கணவன் இருக்கும்போது மனைவி அவன் சம்மதமின்றி உயில் எழுத முடியாத நிலை 1882 சட்டம் வரை இருந்தது. விதவைகளின் உயில்கள்தான் பெண்களின் குரல்.

மேனர் என்பது ஒரு நிலப்பிரபுவின் ஆளுகைக்குட்பட்ட நிலம். மேனர் நீதிமன்றச் சுருள்கள் 1733 வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, லத்தீனில் இருக்கும். பயப்பட வேண்டாம், வாசகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றே. மேனர் ஆவணப் பதிவேட்டில் ஊர் பெயரைப் போட்டால் எங்கே இருக்கிறது என்று தெரியும். மேற்கு மாவட்டங்களில் மூன்று பேரின் ஆயுள்வரை என்று குத்தகை எழுதுவது வழக்கம். அந்த மூவரின் பெயர், உறவு, சில சமயம் வயதும் இருப்பதால், லத்தீனுக்குப் பயந்து இதை விட்டவர்கள் குடும்ப மரத்தின் பாதியை விட்டவர்கள்.

ஊர்க்கதையை எப்படி எடுத்துக்கொள்வது

டெர்பிஷயரின் ஈயம் கிராமம் 1665 செப்டம்பரில் பிளேக் நோயில் சிக்கியது. பாதிரியார் வில்லியம் மாம்பெஸன், அவருக்கு முன் பொறுப்பில் இருந்த தாமஸ் ஸ்டான்லி இருவரும் ஊரைத் தாமாகவே அடைத்துக்கொள்ளச் செய்தார்கள். சுமார் 260 பேர் இறந்தார்கள். 350 பேர் கொண்ட ஊரில் 260 பேர் போனார்கள் என்பதுதான் நெடுநாளாகச் சொல்லப்பட்ட கதை. பிறகு ஆய்வாளர்கள் அடுப்பு வரிப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். 1662 முதல் 1689 வரை வீட்டிலுள்ள ஒவ்வொரு கணப்புக்கும் ஆண்டுக்கு 2 ஷில்லிங் வாங்கிய வரி அது. அந்தக் கணக்கில் ஈயத்தின் மக்கள்தொகை சுமார் 700 என்று வந்தது. துயரம் குறையவில்லை, விகிதம் மாறிவிட்டது. ஹான்காக் என்ற குடும்பத்தில் ஒரு பெண் 1666 ஆகஸ்டில் எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்தாள். மிகைப்படுத்த அங்கே என்ன தேவை? ஊர்க்கதையை வீசிவிடாதீர்கள். அதற்குச் சம்பந்தமே இல்லாத காரணத்துக்காக எழுதப்பட்ட ஓர் ஆவணத்தை, வரிப் பட்டியல் போல, பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். மிடில், மார்ட்டன், நியூட்டன் மூன்று ஊர்களிலிருந்தும் உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் போனவர்கள் இருபது பேர், செத்தவர்கள் பதின்மூன்று என்று காஃப் பெயரோடு எழுதுகிறார். எங்கோ போர்க்களத்தில் விழுந்தவர்களைச் சொந்த ஊர் அடக்க ஏட்டில் தேடிப் பயனில்லை. ஒரு கிழவரின் ஞாபகம்தான் ஆவணம்.

ஊரை விட்டுப் போனவர்கள்

தேவாலயச் சுவரில் உள்ள கல்வெட்டுகளைப் படியுங்கள். மதராஸ், வங்காளம் என்று எங்காவது வந்தால், கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைக்குப் போன இளைய மகனாக இருக்கலாம். மதராஸ் மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் 1698-லிருந்து லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. ஒரு குக்கிராமத்து ஏட்டில் முடியாமல் நின்ற கோடு சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் போய் முடிவதுண்டு.

போர் நினைவுச் சின்னத்தில் உள்ள பெயர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம் போதும். முதல் உலகப் போர் சிப்பாய்களின் பணி ஆவணங்களில் பெரும்பகுதி 1940 குண்டுவீச்சில் எரிந்துவிட்டது. கிடைக்கவில்லையே என்று மாதக்கணக்கில் தேட வேண்டாம். பள்ளித் தலைமையாசிரியரின் நாட்குறிப்பு ஏடு இருந்தால் அங்கே போங்கள். 1860-களிலிருந்து அரசு மானியம் வாங்கிய பள்ளிகளில் அதை எழுதுவது கட்டாயமாக இருந்தது. உருளைக்கிழங்கு பொறுக்கப் போனதால் வகுப்பில் பாதி காலி, தட்டம்மை வந்து பள்ளி மூடல் என்று அந்தப் பெயர்களின் பிள்ளைப் பருவம் அதில் இருக்கலாம்.

எழுதும்போது

இத்தனைக்கும் பிறகு உங்களிடம் வீட்டுக்கு வீடு ஒரு தடித்த அட்டைக்கட்டு இருக்கும். அதே வரிசையில் எழுதுங்கள். தெருவின் ஒரு முனையில் தொடங்கி அடுத்த முனைவரை வீடு வீடாகப் போனாலே புத்தகம் தானாக உருவாகும். அரசர் வரிசையில் அத்தியாயம் பிரித்தால் ஊர் காணாமல் போய்விடும். ஒவ்வொரு தகவலுக்கும் காப்பகத்தின் பெயரையும் ஆவண எண்ணையும் அன்றன்றே குறித்து வையுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. உயிரோடு இருப்பவர்கள், அவர்களுடைய பெற்றோர் பற்றி எழுதும்போது கேட்டுவிட்டு எழுதுங்கள். பணி இல்லத்தில் பிறந்த பாட்டியைப் பற்றிக் குடும்பத்துக்கே தெரியாமல் இருக்கலாம். முடிந்ததும் ஒரு பிரதியை மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள், அச்சிட்டதாக இல்லாவிட்டாலும் வாங்கிக்கொள்வார்கள். காஃப் எழுதியது 1834-ல்தான் முதன்முதலாக அச்சேறியது, அதுவும் முழுதாக அல்ல.